பள்ளிக்கூடத்தில் என்னதான் நடக்கிறது? எங்கள் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கு மேற்கே, பாக் நீரிணையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் மேலாண்மைக் குழுவில் நான் ஒரு பெற்றோர் உறுப்பினர். கையெழுத்து சுமாராக இருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக, வாசல் பலகையில் செய்தி எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதுவதை யாரும் படிப்பதில்லை, எழுதிய மறுநாள் அதையே என்னிடம் வந்து கேட்பார்கள் என்பது இரண்டு வருடத்தில் நான் கற்ற பாடம்.

குழாயடியிலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் பஸ்ஸுக்காக நிற்கும்போதும் என்னிடம் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். பெயர் எதுவும் போடவில்லை. யார் கேட்டது என்று ஊருக்குத் தெரியும்.

அக்கா, பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் எனக்கு மட்டும் தெரிவதில்லையே, ஏன்?

உங்களுக்கு மட்டும் அல்ல, பாதி ஊருக்குத் தெரிவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு வருடம் ஆனது. பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பிள்ளையின் அப்பாவுடைய கைபேசி எண். அந்தக் கைபேசி அவருடன் படகேறிப் போய்விடுகிறது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் கிடையாது. "நாளை காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டையில் வரவும்" என்ற செய்தியை அவர் கரைக்கு வந்து, மீனை இறக்கி, வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுத்து, தூங்கி எழுந்து பார்க்கும்போது அந்த நாளை நேற்றாகியிருக்கும்.

வழி எளிது. தலைமை ஆசிரியரிடம் போய் அம்மாவின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அம்மாவிடம் கைபேசி இல்லையென்றால் கரையிலேயே இருக்கும் சித்தி, அப்பத்தா, பக்கத்து வீட்டு அக்கா யாருடையதாவது போதும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் குரல் பதிவாகவும் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். வாசல் பலகையில் எழுதுவதையே மீன் ஏலம் விடும் இடத்திலும் ஒரு தாளில் ஒட்டுகிறேன். அது ஈரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. ஆனாலும் பள்ளி வாசலை விட அங்கேதான் அதிகம் பேர் படிக்கிறார்கள்.

சின்னவளை எப்போது சேர்க்கலாம்? பிறப்புச் சான்று தொலைந்துவிட்டது.

ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் அங்கன்வாடி. பிறப்புச் சான்று, ஆதார் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றாலும் போங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்க்கைக் கட்டணம் கிடையாது. ஜூன் தாண்டிவிட்டது என்று தயங்கவும் வேண்டாம். இடையில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

காலையில் அங்கேயே சாப்பாடு என்கிறார்கள். வீட்டில் சாப்பிட்டுப் போகிற பிள்ளைக்கும் உண்டா?

உண்டு. பள்ளி தொடங்குமுன் வந்து உட்கார்ந்த பிள்ளைக்குப் பசித்தால் தட்டு வரும். வீட்டில் சாப்பிட்டாயா என்று யாரும் விசாரிப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக மாறும். சாம்பாரைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் அதிகம். மீன் குழம்பில் வளர்ந்த நாக்கு, என்ன செய்வது!

மதியச் சாப்பாடு வேறு கணக்கு. அது 1956இல் காமராசர் காலத்தில் ஆரம்பித்து 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியது. முட்டை அதில்தான் வரும்.

கடலில் பாசி வளர்க்கும் மிதவையில் கயிறு கட்டப் போகும் பெண்களும் ஏலத்துக்குப் போகும் பெண்களும் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். முன்பெல்லாம் பழைய சோற்றைப் பிள்ளையே போட்டுத் தின்றுவிட்டு வரும், இல்லையென்றால் வெறும் வயிற்றோடு வரும். இப்போது அந்தப் பிள்ளைகள்தான் முதலில் பள்ளிக்கு வருகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: வாசல் திறக்குமுன் அனுப்பாதீர்கள். போன மழைக்காலத்தில் ஆறு பிள்ளைகள் நனைந்துகொண்டு வெளியே நின்றார்கள்.

என் மகனை "அரும்பு" என்று வைத்திருக்கிறார்களாம். மக்குப் பையன் என்று முத்திரை குத்துகிறார்களா?

இல்லை. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது அவர்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்க. எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கும் கதை படிக்கிற பிள்ளைக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் இரண்டும் கெடும் என்பதுதான் அதன் பின்னுள்ள யோசனை. அரும்பு மொட்டாகலாம், மொட்டு மலராகலாம், ஒரு பாடத்தில் மலர் இன்னொன்றில் அரும்பாகவும் இருக்கலாம். என் மகன் தமிழில் மலர், கணக்கில் வெகுகாலம் அரும்பாகவே இருந்தான். ஆனால் மீன் விற்ற காசை எண்ணச் சொன்னால் தவறே வராது.

முத்திரை குத்துவது பள்ளி அல்ல. "உன் பிள்ளை அரும்பா? என் பிள்ளை மலர்" என்று குழாயடியில் பேசுகிறோமே, அங்கேதான் அது நடக்கிறது.

வாசிக்கக் கொடுத்த புத்தகத்தில் கருவாட்டு வாசம் ஏறிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள். டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: வாசம் வருகிற புத்தகம் படித்த புத்தகம், வாசமே இல்லாமல் வந்தால்தான் சந்தேகம். கிழிந்தாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள், ஒட்டிக்கொள்ளலாம். நனைந்தால் மட்டும் கருவாட்டோடு சேர்த்து வெயிலில் போடாதீர்கள், நிழலில் விரித்துக் காய வையுங்கள்.

கலைத் திருவிழா, மாறுவேடம் என்று வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தால் படிப்பு என்ன ஆவது? துணி வாடகை வேறு.

இரண்டு கேள்வி இது. துணியை முதலில் முடித்துவிடுகிறேன். வாடகை உடை வேண்டும் என்று பள்ளி கேட்கவில்லை, நாமே போட்டி போட்டுக்கொண்டு ராமநாதபுரம் டவுனுக்கு பஸ் ஏறுகிறோம். போன முறை எங்கள் பள்ளியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை அப்பத்தாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து, பனை ஓலைப் பெட்டியோடு மீன்காரியாக வந்தாள். "சூடை, காரல், நெத்திலி..." என்று அவள் கூவியதைக் கேட்டு நடுவர் எழுந்துவிட்டார். செலவு ஒரு ரூபாய் கிடையாது. அதே மேடையில் வாடகைக் கிரீடத்தோடு வந்த மூன்று ராஜாக்களும் வசனத்தை மறந்து அழுதார்கள். அதில் ஒருவன் என் அண்ணன் மகன், அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

படிப்புக்கு வருவோம். கலைத் திருவிழா முதலில் 2022-23இல் ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் நடந்தது. 2024-25 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. ஒப்புவித்தல், கதை சொல்லுதல், வண்ணம் தீட்டுதல், களிமண் பொம்மை, மாறுவேடம் என்று சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி இருக்கும். பள்ளியில் வென்றால், பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மையப் போட்டிக்குப் போகலாம். இதில் எது படிப்பு இல்லை என்று எனக்குப் புரியவில்லை. கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் யாரும் ஊட்ட வேண்டியதில்லை. வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், களிமண்ணில் வள்ளம் ஒன்றைச் செய்து, அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொன்னான். அந்தப் பெயர்களில் பாதி டீச்சருக்கே தெரியாது. அன்றிலிருந்து அவன் பேசுகிறான். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறான் என்று இப்போது புகார்.

கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்களே, அதைத்தான் தினமும் பார்க்கிறார்களே. அங்கே என்ன பாடம்?

இதற்கு நம் ஊரிலிருந்தே பதில் இருக்கிறது. அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்பதை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டிப் பாடத்தை நடத்தினார். பறப்பதைப் பற்றித்தான் இனி படிக்க வேண்டும் என்று தனக்கு அங்கேதான் தோன்றியது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளும் தினமும் கடலைப் பார்த்தவர்கள்தான்.

இப்போது போவது பெரும்பாலும் ஆமைக்காக. தை, மாசியில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையின் முட்டைகளை வனத்துறையினர் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வெளியே வரும். அதைக் கடலில் விடும் நாளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். கையால் தூக்கிக் கடலில் எறியக் கூடாது, கைபேசி வெளிச்சம் அடிக்கக் கூடாது. அது மணலில் தானே நடந்து போக வேண்டும். போகும் நாளுக்கு முன் சம்மதச் சீட்டு வரும். கையெழுத்துப் போடாமல் அனுப்பினால் பிள்ளை பள்ளியிலேயே இருக்கும், பிறகு நம்மிடம் வந்து அழும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: தண்ணீரில் இறங்கவே விடுவதில்லை. துணைக்கு வரும் பெற்றோர் போதாமல் போன முறை இரண்டு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். கவலைப்படுகிறவர்கள் கூடவே வந்தால் கவலையும் தீரும், ஆளும் கிடைக்கும்.

அக்டோபர் 15 வந்தால் அட்டை ராக்கெட்தானா? வேறு எதுவும் செய்யக் கூடாதா?

எனக்கும் அலுத்துவிட்டது. கலாம் பிறந்த நாளான அன்று (1931) நாம் செய்கிற ராக்கெட்டுகளைச் சேர்த்து வைத்தால் ஒரு வத்தை (நாட்டுப்படகு) நிறைய வரும். குழுவில் சொன்னேன். உலகப் போர்க் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து தூக்கி எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட சிறுவன் அவர், அதை வைத்துப் பிள்ளைகளை ஊர்ச் செய்தித்தாள் ஒன்று எழுத வைப்போம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்தாம் வகுப்பு எழுதிய ஒரு தாளில் வந்த செய்திகள்: "மாரியம்மன் கோவில் பக்கத்துக் குழாய் மூன்று நாளாக ஒழுகுகிறது." "எங்கள் தெரு நாய் ஐந்து குட்டி போட்டது." "சீலா மீன் விலை ஏறிவிட்டது என்று என் மாமா சொன்னார்." குழாயை மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். நான் பலகையில் எழுதி எதுவும் நடந்ததில்லை.

கண்காட்சிக்கு வீட்டில் இருக்கிற பவளப்பாறைத் துண்டைக் கொடுத்துவிடலாமா? காய்ந்த கடல்குதிரையும் இருக்கிறது.

இரண்டும் வேண்டாம். பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் கொண்டுவரப்பட்டவை. செத்துக் காய்ந்தது என்றாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். "எங்கள் தாத்தா வீட்டுச் சுவரே பவளக் கல்லால் கட்டியதுதானே" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், இந்தக் கரையில் வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் அதை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. பாறை அழிந்தால் மீன் எங்கே ஒதுங்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் வந்தது அந்த யோசனை பிறந்த பிறகுதான்.

கண்காட்சிக்கு வேறு பொருளா இல்லை? மட்டி ஓடு, கணவாய் ஓடு, அறுந்த வலை, மிதப்புக் கட்டை, பனை ஓலைப் பட்டை எல்லாம் நன்றாக இருக்கும். போன முறை ஒரு பிள்ளை, தன் தாத்தா வலை பின்னும் ஊசியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தது. தாத்தாவும் வந்திருந்தார். பள்ளிக்குள் அவர் காலடி வைத்தது அதுவே முதல் தடவை என்றார்.

பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். நாளை பள்ளி உண்டா இல்லையா?

கூண்டுக்கும் பள்ளிக்கும் சம்பந்தம் இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும். ஒன்று, இரண்டு என்றால் எங்கேயோ தொலைவில். மூன்று, நான்கு என்றால் நம் பக்கம் கவனம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது. ஒன்றாம் எண் ஏறியதுமே பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் பள்ளி காலியாகத்தான் இருக்கும்.

விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். அறிவிப்பு இரவிலும் வரலாம், விடியற்காலையிலும் வரலாம். கூண்டே ஏறாத நாளிலும் விடுமுறை வரும். 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் இல்லாமலே ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஆட்சியர் அறிவிப்பு வந்த உடனே உங்கள் கைபேசிக்குக் குரல் பதிவு வரும். போன வருடப் படத்தை யாராவது "இன்று விடுமுறை" என்று பரப்பினால், தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். இரண்டு முறை நானே ஏமாந்தேன்.

சந்தனக்கூட்டுக்கு விடுமுறை விட்டுவிட்டு சனிக்கிழமை வரச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்?

ஏர்வாடி சந்தனக்கூடு, உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம் போன்றவற்றுக்கு ஆட்சியர் விடுவது உள்ளூர் விடுமுறை. அதை ஈடு செய்ய ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். விழாவுக்குப் போனோம், அல்வா தின்றோம், ஒரு சனிக்கிழமை போனால் என்ன!

ஆண்டு விழாவைத் தடைக்காலத்தில் வைத்தால் அப்பாமார் எல்லோரும் வரலாமே?

நல்ல யோசனை, நானும் முதலில் இதைத்தான் கேட்டேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளியின் ஆண்டும் ஏப்ரலில்தான் முடிகிறது. அப்பாக்கள் கரையில் சும்மா இருக்கிற நாளில் பள்ளி பூட்டிக் கிடக்கும், பள்ளி திறந்து பத்து நாளில் அப்பாக்கள் கடலில் இருப்பார்கள். அதோடு தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் தொழிலுக்குப் போவார்கள்.

சரி, நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். விசைப்படகு திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். நாட்டுப்படகு மற்ற நாட்களில். ஞாயிறு கோவிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளி நண்பகல் ஜும்ஆ, மாலை சரி. ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளி மாலை சிலுவைப் பாதை. ரமலான் வந்தால் நோன்பு திறக்கிற நேரம். தை அமாவாசைக்குச் சேதுக்கரைக்குப் போகிறவர்கள் தனி. மூன்று மணி நேரம் பேசி, பொங்கல் விடுமுறைக்குப் பின் தவக்காலத்துக்கு முன் வரும் ஒரு வெள்ளி மாலை என்று முடித்தோம். வாடைக் காற்றில் அப்போது எப்படியும் பாதி நாள் படகு இறங்காது. அன்று ஒரு நாள் நாட்டுப்படகும் இறங்க வேண்டாம் என்று ஊரில் பேசி முடிவெடுத்தார்கள். நாற்காலி போதாமல் வலைக் குவியல் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மகன் ஆடியதை முதன்முறையாகப் பார்த்தார். ஆடியது எந்தப் பிள்ளை என்று மட்டும் கடைசி வரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், முகத்தில் அவ்வளவு பவுடர்.

விழாவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கலாமா? தராவிட்டால் பிள்ளையை ஒதுக்குவார்களா?

கேட்கக் கூடாது. அரசுத் தொடக்கப் பள்ளியில் எந்தப் பெயரிலும் கட்டாய வசூல் இல்லை. தருகிறேன் என்று வருகிறவரிடம் வாங்கலாம், ரசீது தர வேண்டும், கணக்கைக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

இதில் எங்கள் குழுவும் ஒருமுறை சறுக்கியது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கொடுத்ததை எழுதி ஒட்ட மறந்துவிட்டோம். பணம் சரியாகத்தான் செலவானது, ஆனால் ஒட்டவில்லை. இரண்டு மாதம் ஊரில் பேச்சு. ஒரு அம்மா நடுத்தெருவில் நிறுத்தி என்னிடமே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. இப்போது விழா முடிந்த மறுநாளே, மீதம் நாற்பது ரூபாய் வரைக்கும் பலகையில் எழுதிவிடுகிறேன். அதை மட்டும் எல்லோரும் படிக்கிறார்கள்.

மேலாண்மைக் குழு என்பது தலையாட்டுகிற கூட்டம்தானே?

ஆட்டினால் அப்படித்தான் ஆகும். சட்டப்படி உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். ஆசிரியர்கள் சிறுபான்மை. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், சத்துணவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எல்லாவற்றையும் கேட்கவும் எழுதவும் அதிகாரம் இருக்கிறது. பள்ளியின் கையை மீறியதைக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் அது கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போகும். எங்கள் சுற்றுச்சுவர் கோரிக்கை இரண்டு முறை அப்படிப் போனது. மூன்றாம் முறை, எழுதிய பிறகுதான் எழுந்தேன்.

வாடை பிடித்தால் நாங்கள் தென்கடல் பக்கம் போய்விடுவோம். மகனின் பெயரை அடித்துவிடுவார்களா?

சொல்லாமல் போனால்தான் சிக்கல். வடகடல், அதாவது நம் பாக் நீரிணை, முரண்டு பிடிக்கும் மாதங்களில் சில குடும்பங்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் போய்க் குடிசை போட்டுத் தங்குவது இங்கே பழைய வழக்கம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் திரும்பிவிடுவார்கள். இடையில் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் நண்டு பொறுக்கிக்கொண்டிருக்கும்.

போகுமுன் தலைமை ஆசிரியரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். அங்கே பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் உட்கார ஏற்பாடு செய்யலாம். மாற்றுச் சான்றிதழ் வர தாமதமானாலும் சேர்க்க மறுக்க முடியாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு, எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது கூடவே வரும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் சொன்ன கைபேசி எண்ணையும் அப்போதே சரிபாருங்கள்.

அப்பத்தாவிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. சில பிள்ளை தங்கிப் படிக்கும், சில பிள்ளை ஏங்கிப் போகும். பெற்றவருக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டுப் பிள்ளையின் அப்பாவைக் கடல் எல்லை தாண்டியதாகப் பிடித்து இலங்கையில் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் இதைச் சொல்லலாமா? பலகையில் எழுதுவீர்களா?

பலகையில் எழுத மாட்டேன். பிறந்த நாள், பரிசு, நன்கொடை, காய்ச்சல் முகாம் எல்லாம் எழுதுவேன், இதை எழுதுவதில்லை என்று குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். பிள்ளை தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

ஆனால் வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்த ஒரு முறை, "என் அப்பா" என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர் மேல் பிழை இல்லை, அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை ஒரு வரியும் எழுதாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டது. இப்போது தெரிந்தால் ஆசிரியர்கள் தலைப்பை மாற்றிக்கொள்கிறார்கள், மாலையில் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரவும் செய்கிறார்கள். "உன் அப்பா எப்போது வருவார்?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பதைத் தடுக்க முடியாது. நம் கரையில் அதை அறியாத பிள்ளை இல்லை, கேட்பவனின் சித்தப்பாவும் ஒருமுறை போய் வந்திருப்பார்.

நிவாரணம், வழக்கு பற்றிய தாள்கள் எல்லாம் மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீனவர் சங்கத்திலும் பார்க்க வேண்டியவை. பள்ளியிலிருந்து படிப்புச் சான்று தேவைப்பட்டால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அம்மாவால் வர முடியாவிட்டால் நான் வாங்கிக்கொண்டு வந்து தருகிறேன்.